சந்தனம் காய்ந்த பென் டிரைவ்

இழுப்பறையில் வேறெதையோ தேடியபோது உன் பென் டிரைவ் கையில் பட்டது, அக்கா. மூடியில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. குங்குமம் கறுத்துவிட்டது. துடைக்கவில்லை.

திண்டிவனத்தில் உன் ஜெராக்ஸ் கடை. அங்கிருந்த பழைய கணினியில் நீயே உருவாக்கிய பட்டியல், ரத்தம் தருபவர்களுடையது. பெயர், ஊர், போன் எண், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த நாள். விழுப்புரத்தில் யாருக்கு அவசரமென்றாலும் உனக்குத்தான் போன் வரும். ஒரு கையால் நகலெடுத்துக்கொண்டே ஆளைப் பிடித்துவிடுவாய்.

வருடத்துக்கு ஒரு முறைதான் பேக்கப் எடுப்பாய். ஆயுத பூஜையன்று. கணினிக்குப் பொட்டு வைத்து, பட்டியலைப் பென் டிரைவில் ஏற்றி, அதற்கும் பொட்டு வைத்து, பொரிகடலைக்குப் பக்கத்தில் வைப்பாய். வாரா வாரம் எடுக்கச் சொன்னேன். சிரித்தாய்.

"இதையே பண்ணிக்கினு இருந்தா கடைய யாருடி பாக்கறது? சாமி பாத்துக்கும். எம்.ஏ. படிச்சிட்டு பேஜாரு பண்ணாத."

சாமி பார்த்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

நான்கு நாள் காய்ச்சல். நீ போனபோது ஆயுத பூஜைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

கடையைக் காலி செய்யுமுன் பட்டியலையாவது காப்பாற்றலாமென்று கணினியைத் திறந்தேன். கோப்பு சரியாக மூடப்படவில்லை, பேக்கப்பிலிருந்து மீட்கவா என்று கேட்டது. பென் டிரைவைச் செருகினேன். இப்போதுள்ள பதிவுகள் போய்ப் பழையவை வரும், சம்மதமா என்றது. படித்தேன். படித்துவிட்டுத்தான் 'ஆம்' என்பதை அழுத்தினேன். நீ போய் ஒன்பதாம் நாள் அது. பழையது திரும்ப வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் ஆம் என்றிருப்பேன்.

ஒருமுறை மூடித் திறந்திருந்தாலே சரியாகியிருக்குமாம். பிறகு ஒருவர் சொன்னார்.

அந்த வருடம் நீ சேர்த்தவர்கள் அத்தனை பேரும் பட்டியலிலிருந்து போனார்கள். கண்டாச்சிபுரத்து ஓ நெகட்டிவ்காரரும். அவர் கிடைத்த அன்று எனக்குப் போன் செய்தாய்: "மல்லாட்டை ஒடைக்கிற மிஷின் வச்சிக்கினு இருக்காரு. தங்கமான மனுசன். இனிமே அலைய வேணாம்டி." பெயரையும் சொல்லியிருப்பாய். நான் கவனிக்கவில்லை.

உன் போன் இப்போது என்னிடம். ரத்தம் தருபவர்களின் எண்களை அதில் நீ சேமித்ததில்லை; எல்லாம் பட்டியலில்தான். மூன்றாம் வாரமே கிளியனூர்க்காரர் ஒருவர் அழைத்தார். முன்பு அவர் அப்பாவுக்கு நீ ஆள் அனுப்பியிருக்கிறாய். இப்போது விழுப்புரத்தில் மனைவிக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். பட்டியலில் இரண்டு பேர். கோட்டக்குப்பத்துக்காரர் துபாயில். இன்னொரு எண் உபயோகத்தில் இல்லை.

வெறுங்கையோடு பஸ் ஏறிப் போய் நின்றேன். மாலையில்தான் புதுச்சேரியிலிருந்து ரத்தம் வந்தது. அந்தப் பெண் பிழைத்தாள். அதற்குள் கருப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"அந்த அக்கா இருந்திருந்தா ஒரே போன்ல முடிச்சிருப்பாங்க," என்றார் அவர்.

ஆமாம் என்றேன். உன் சாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. பொட்டு வைக்கத் தெரிந்த உனக்கு வாரம் ஒரு முறை ஒரு பொத்தானை அழுத்தத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். அதில் பாதி என்னையே.

இப்போது வெள்ளிதோறும் பேக்கப் எடுக்கிறேன், இரண்டு இடங்களில். கண்டாச்சிபுரத்தில் வேர்க்கடலை உடைக்கும் மிஷின் வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறேன். மூன்று பேர் ஆயிற்று. அவர் இல்லை.

மீண்டு வந்த பட்டியலில் உன் வரியும் இருக்கிறது. பி பாசிட்டிவ். அதை அழிக்க என்னால் முடியவில்லை. நீ கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்து, உன் பெயருக்கு நேரே பச்சை எழுத்தில் பட்டியல் காட்டிக்கொண்டேயிருக்கிறது: மறுபடி ரத்தம் தரலாம்.