எட்டு மணிக்கு முன்னால டின்னைத் திறக்கக் கூடாது

டேவிஸ் மேடு, கென்டக்கி
டிசம்பர் 28, 1976

அன்புள்ள மகள் நடீனுக்கு, அம்மா எழுதிக்கிறது. நானும் உங்கப்பாவும் ஆளுக்கு ஒரு சுத்து பெருத்துப்போய் சௌக்கியமா இருக்கோம். அந்த அலாஸ்காக் குளிர்ல நீயும் மூக்கு, காது, பத்து விரல் எதுவும் உறைஞ்சு உதிராம முழுசா இருப்பேன்னு நம்புறேன். உன் கடிதம் நேத்துதான் வந்துச்சு. ஈஸ்டருக்கு உன் பள்ளிக்கூடத்து டீச்சருங்க பத்துப் பேருக்கு ஹாம் விருந்து வைக்கப்போறேன், எல்லாத்தையும் முன்னாடியே செஞ்சு வச்சுட்டு அன்னைக்கு மவராசியா உட்காரணும், எப்படிம்மான்னு கேட்டிருக்கே. கேட்டியே, சரியான ஆள்கிட்டதான் கேட்டே. இந்த வருஷம் அதைத்தான் நானும் செஞ்சேன், அதுல நடந்த கூத்தையும் சேர்த்தே எழுதுறேன், படிச்சுட்டுச் சிரி, ஆனா கடைசியில எழுதியிருக்கிறதை மட்டும் உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே.

உனக்கே தெரியும், நம்ம வீட்டுக் கிறிஸ்துமஸ் போட்டோ எதுலயும் நான் கிடையாது. பதினேழு வருஷத்துப் படத்தையும் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுல என் முழங்கை இருக்கு, இன்னொண்ணுல அடுப்படிக் கதவுல என் பின்பக்கம் இருக்கு, அவ்வளவுதான். எல்லாரும் தின்னு முடிச்சு ஏப்பம் விடும்போதுதான் நான் வேர்த்து வடிஞ்சு வந்து ஆறின ரொட்டியைக் கடிப்பேன். இந்த வருஷம் ஒரே முடிவா உட்கார்ந்து தாள்ல திட்டம் போட்டுட்டேன், குளிர்ப்பெட்டிக் கதவுல ஒட்டியும் வச்சேன். அதையே நீயும் அப்படியே செய். சக்கரவள்ளிக் கிழங்கை மசிச்சுத் தட்டுல போட்டு ஒரு வாரம் முன்னாடியே உறையவச்சுடு, சோளப் புட்டும் அப்படியே. ரொட்டி மாவை உருட்டி வச்சுக்கோ, அன்னைக்குச் சுட்டா போதும். பீன்ஸை முந்தின நாளே வேகவச்சுடு, மறுநாள் சூடு பண்ணினாத்தான் அதுக்கு ருசியே.

ஹாமுக்குத்தான் பொறுமை வேணும். நம்ம புகைவீட்டுல தொங்கினதுல நல்லதா ஒண்ணைத் தனிப் பார்சல்ல அனுப்பறேன். பிரிச்சதும் பச்சையும் வெள்ளையுமா பூசணம் பூத்திருக்கும், அதைப் பாத்து அலறி அந்த ஊர்க் கரடிக்குத் தூக்கிப் போட்டுடாதே. ஒரு வருஷம் உப்புல ஊறிப் புகையில தொங்கின பன்னித் தொடைக்கு அதுதான் அழகு. முரட்டு பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, ரெண்டு நாள் முழுசாத் தண்ணியில போட்டு, அப்பப்பத் தண்ணியை மாத்தி வை, இல்லேன்னா உப்பு நாக்கைப் பொசுக்கிடும். நம்ம வீட்டுல அவ்வளவு பெரிய பாத்திரம் ஏது, எப்பவும் போலக் குளியல் தொட்டிதான். அதனால இருபத்தொண்ணுலேர்ந்து இருபத்துமூணு வரைக்கும் வீட்டுல யாருக்கும் குளியல் இல்ல. உங்கப்பாவுக்கு அதுல ஒரு வருத்தமும் இருந்ததாத் தெரியல.

அப்புறம் டின் வேலை. இருபத்துமூணு ராத்திரி ஹாமைக் கொழுப்பு வாங்கின பெரிய காலி டின்னுல போட்டு, தண்ணி ஊத்தி, அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, மூடியைப் போட்டுச் சுத்திப் பத்திரிகையும் போர்வையுமாப் பொதிஞ்சு வச்சுட்டா, பதினாலு மணி நேரத்துல தன் சூட்டுலயே பூப்போல வெந்துடும், இருபத்துநாலு காலையில பிரிச்சுக்கலாம்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேன். இருபத்துமூணு காலையில ஆறரைக்கு எழுந்து வந்து பாக்குறேன், முன்னறை நடுவுல டின் பொதிஞ்சு உட்கார்ந்திருக்கு. உங்கப்பா நாலு மணிக்கே எழுந்து, பின்பக்கத்து அடுப்புல கொதிக்கவச்சு, தீவன மூட்டை தள்ளுற வண்டியில வச்சு உள்ள தள்ளிக்கிட்டு வந்து, அது மேல தன் பெல்ட்டைப் போட்டு இறுக்கிக் கட்டிட்டு, பக்கத்துல காப்பி குடிச்சுக்கிட்டிருக்கார். காலா காலத்துல முடிச்சுட்டேன், ராத்திரி யாரு முழிச்சுக்கிட்டிருக்கிறதுங்கிறார். முப்பத்திரண்டு வருஷத்துல அடுப்புப் பக்கம் எட்டிப் பாக்காத மனுஷன்! என் திட்டத்தைக் கெடுத்தீங்களேன்னு வாயைத் திறக்கப்போனேன், அப்பத்தான் மேல சுத்தியிருந்த போர்வையைப் பாத்தேன். 

எந்தப் போர்வைன்னு நினைக்கிறே? என் மாமியார் துண்டுத்துணி சேர்த்துத் தைச்ச அதே போர்வைதான். உங்க தாத்தாவோட வேலைச் சட்டையும் ஓப்பல் அத்தை சின்னப்பிள்ளையில போட்ட கவுனும் சேர்த்துத் தைச்சது. உன் அத்தையும் உங்கப்பாவும் எதை வச்சு ரெண்டு வருஷமா முகத்துக்கு முகம் பாக்காம இருக்காங்களோ அதே போர்வை. நீ அப்ப ஊர்ல இல்ல, உனக்கு அரைகுறையாத்தான் தெரியும். மாமியார் கடைசி நாலு வருஷமும் நம்ம வீட்டுலதானே கிடந்தாங்க. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு அத்தை வந்து, வேற ஒண்ணும் வேணாம், அந்தப் போர்வையை மட்டும் குடுன்னு கேட்டா. இந்த மனுஷன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துக்கத்துல நாக்குல சனி உட்கார்ந்திருந்துச்சு, இந்த நாலு வருஷமும் நீ எங்க போயிருந்தேன்னு கேட்டுட்டார். அத்தை கையுறையை மாட்டிக்கிட்டுப் படியிறங்கினவதான். எட்டு மைல் தூரத்துல இருக்கா, புருஷனும் போயிட்டார், ரெண்டு கிறிஸ்துமஸா அந்த வீட்டுல தனியா முட்டையை வேகவச்சுத் தின்னிருக்கா. சொன்னது தப்புன்னு இவருக்குத் தெரியும், சாப்பாட்டுல கைவச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஆனா மன்னிச்சுக்கோன்னு சொல்ல மட்டும் வாய் வராது, பரம்பரைக் கல்லுளிமங்கன்.

ஏங்க, உங்களுக்குப் பொதிய வேற துணியே கிடைக்கலையான்னு கத்தினேன். பெட்டியில மேல இருந்ததை எடுத்தேன், எனக்கென்ன தெரியும்னார். அன்னைக்கு இருபத்துமூணாம் தேதி, தெரியுதா? பேச்சு நின்ன பிறகும் அத்தை ஜாம் கேக்கை மட்டும் நிறுத்தல. வருஷா வருஷம் அதே தேதி, சரியா மத்தியானம் பன்னெண்டுக்கு, வாசல்ல நின்னு என் கையில குடுத்துட்டு, இருபத்தஞ்சுக்கு வர முடியாது, உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிடுவா. உங்கப்பா அந்த நேரம் பாத்துத் தொழுவத்துல போய் நின்னுக்குவார். அவ வந்து, அம்மா போர்வை ஹாம் டின்னுக்கு முக்காடாப் போயிருக்கிறதைப் பாத்தா அப்புறம் இந்த ஜென்மத்துல இந்த வாசலை மிதிப்பாளா? அவிழ்க்கவும் முடியாது, சூடு போனா பாதி வெந்ததும் வேகாததுமாக் கெட்டுப்போகும், ஒரு வருஷத்து ஹாம். நான் என்ன செய்வேன், கிறிஸ்துமஸ் மேஜைத்துணியை எடுத்து அதுக்கு மேல போர்த்தி மறைச்சேன். பத்து மணிக்குத் தபால்காரர் உள்ள எட்டிப் பாத்தவர், வீட்டுக்கு வந்த பெரியம்மா யாரோ தலை கவிழ்ந்து ஜெபம் பண்றாங்கன்னு நினைச்சு, தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு மெதுவாப் பின்னாலயே நடந்து போயிட்டார்.

மணி பன்னெண்டு. கார் சத்தம். நான் கையைத் துடைச்சுக்கிட்டு முன்னறைக்கு ஓடினா, மேஜைத்துணியைக் காணோம், போர்வை பளிச்சுன்னு தெரியுது. காப்பி கொட்டிடுச்சு, நனையப் போட்டிருக்கேன்னார் உங்கப்பா. தொழுவத்துக்கும் போகல, பத்திரிகையை விரிச்சுக்கிட்டு டின்னுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கார். நான் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து கேக்கை வாங்கிக்கப் பாத்தேன், ஓப்பலுக்கு மூக்கு சும்மா இருக்குமா, ஹாம் போட்டாச்சா, இன்னைக்கேவான்னு என் தோளுக்கு மேல எட்டிப் பாத்தா. பாத்தவ கேக்கை என் கையில திணிச்சுட்டு நேரா உள்ள வந்துட்டா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை! அம்மா போர்வையை இந்தப் பாழாப்போன டின்னுக்கா சுத்தினே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கான்னு பெல்ட்டுல கையை வச்சுட்டா. உங்கப்பா பத்திரிகையிலேர்ந்து கண்ணை எடுக்காம, காலையில ஆறு மணிக்கு மூடினது, ராத்திரி எட்டு மணிக்கு முன்னால திறந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாததா அக்கான்னார்.

அத்தை கை அப்படியே நின்னுடுச்சு. இந்த மாவட்டத்துலயே ஹாம் விஷயத்துல அவளை விடக் கறாரானவ உண்டா? வீடே பத்திக்கிட்டாலும் நேரம் ஆகாம டின்னைத் திறக்க மாட்டா. நின்னு யோசிச்சா. சரி, எட்டு மணிக்கு அவிழ்த்து எடுத்துக்கிட்டுப் போறேன், அதுவரைக்கும் இங்கேயே இருக்கேன், உன்னை நம்ப முடியாதுன்னுட்டு, கோட்டு, தொப்பி, கையுறை எதையும் கழட்டாம, கைப்பையை மடியில வச்சுக்கிட்டு டின்னுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துட்டா. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவ, நடுவுல ஹாம். நான் அடுப்படியில நின்னு சிரிக்கிறதா அழறதான்னு தெரியாம இடுப்புல கட்டியிருந்த சமையல் துணியை வாயில அடைச்சுக்கிட்டேன்.

ஒரு மணிக்குக் கையுறை கழண்டுச்சு. ரெண்டு மணிக்கு, எத்தனை தடவை தண்ணி மாத்தினேன்னு கேட்டா, இவர் நாலுன்னார், அஞ்சு தடவை மாத்தணும்னா. மூணு மணிக்குக் கோட்டைக் கழட்டி எழுந்து அடுப்படிக்கு வந்தா, என் திட்டத்தைப் படிச்சு மூணு இடத்துல பென்சிலால திருத்தினா, சோளப் புட்டுல சீனி ஜாஸ்தின்னா. எப்பவும்னா எனக்குச் சுர்ருன்னு ஏறியிருக்கும், அன்னைக்கு அவ குறை சொல்லச் சொல்ல எனக்குத் தேன் குடிச்ச மாதிரி இருந்துச்சு. நாலு மணி வாக்குல முன்னறைப் பக்கம் சத்தத்தைக் காணோமேன்னு பாத்தா, அத்தை குனிஞ்சு போர்வையில ஒரு நீலத் துண்டைத் தடவிக்கிட்டிருக்கா. வேலி தாண்டும்போது நீ கிழிச்சுக்கிட்ட கவுன்தானே அதுன்னு இவர் கேட்டார். நீ துரத்தினே, நான் தாண்டினேன்னா அவ.  அப்புறம் உங்கப்பா பத்திரிகையை நாலா மடிச்சு, அதைப் பாத்துக்கிட்டே சொன்னார், நீ வந்தேக்கா, நாலு வருஷமும் ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம வந்தே, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டது நீதான். அவ்வளவுதான் சொன்னார். ஓப்பல் கைக்குட்டையைத் தேடிக் கைப்பையையே தலைகீழாக் கொட்டிட்டா. நான் அடுப்படியில நின்னு வாய்விட்டு அழுதேன், வெங்காயம்னு சொல்லிக்க ஒரு வெங்காயம் கூடக் கையில இல்ல.

எட்டு மணிக்கு மூணு பேரும் சேர்ந்து அவிழ்த்தோம். எலும்பு கையோட கழண்டு வந்துச்சு, அவ்வளவு பதம். அத்தை ஒரு இணுக்குப் பிச்சு வாயில போட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல்னா, அவ வாயில அது பாராட்டுப் பத்திரம். மறுநாள் நான் தோலை உரிச்சு, சீனியும் கடுகும் தடவி, கிராம்பு குத்தி அடுப்புல சிவக்க விட்டு ஆறவச்சேன். ஆறினப்புறம்தான் அறுக்கணும், காகிதம் மாதிரி மெல்லிசா, மறந்துடாதே. இருபத்தஞ்சுக்கு அத்தை பதினோரு மணிக்கே வந்து என் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருடின்னு அதட்டினா. உட்கார்ந்தேன், சூடா சாப்பிட்டேன். உன் தம்பி டாரெல் உடனே படம் வர்ற கேமராவுல எடுத்த போட்டோவை இதுல வச்சிருக்கேன், நடுவுல கன்னம் உப்ப மென்னுக்கிட்டிருக்கிறது நான்தான். போர்வையை எடுத்துக்கோன்னு இவர் நீட்டினார். எனக்கெதுக்கு, ஹாம் வாடை அடிக்குது, அடுத்த வருஷம் டின் என் வீட்டுக்கு வரட்டும், போர்வையும் அதோட வரட்டும், நீங்களும் வாங்கன்னுட்டா. அதனால ஹாம் எங்கயோ போர்வை அங்க, போர்வை எங்கயோ எல்லாரும் அங்கன்னு முடிவாகியிருக்கு.

இப்ப அந்த ரகசியம். நேத்து அந்தப் போர்வையைத் திரும்ப வைக்கப் பெட்டியைத் திறந்தேன். மேல அஞ்சு போர்வை, அஞ்சும் நல்ல தடிமன், மடிப்புக் கலையாம அப்படியே இருக்கு. அதுக்கெல்லாம் அடியில, பெட்டியோட தரையில, அந்த ஒரே ஒரு போர்வை அளவுக்குக் காலி இடம். பாச்சா உருண்டையைக் கூட ஒண்ணு விடாமத் திரும்ப எடுத்து வச்சிருக்கார். கொடியில காய்ஞ்ச மேஜைத்துணியையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், காப்பிக் கறை எங்கயும் இல்ல, அந்த மனுஷன் நனைச்சதெல்லாம் வெறும் தண்ணியிலதான். ஏங்க, உண்மையாச் சொல்லுங்க, அந்தப் போர்வை எங்க இருந்துச்சுன்னு மறுபடி கேட்டேன். மேலதான் இருந்துச்சுன்னு சொல்லிட்டு, காது ரெண்டும் சிவக்கத் தொழுவத்துக்குப் போயிட்டார். நானும் அப்படியான்னு விட்டுட்டேன்.

நீ நூறு வயசு நல்லபடியா இருக்கணும், காலுறை ரெண்டு ஜோடி போட்டுக்கோ, ஞாயித்துக்கிழமை அத்தைக்கு மறக்காம போன் பண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பண்ணு. அதுவரைக்கும் லைன் கிடைக்காது, உங்கப்பா பேசிக்கிட்டிருப்பார்.

உன் அன்பு அம்மா
வெர்லீன்