கூரைக்குள் அடைத்த போர்வை

துவைத்து மூன்று நாளாகிவிட்டது, இந்த நீலப் போர்வையில் பூஞ்சண மணம் இன்னும் போகவில்லை. கனடாவில் நம் முதல் குளிருக்கு நீங்கள் வாங்கித் தந்த போர்வை. மடிக்கிறேன், விரிக்கிறேன், திரும்ப மடிக்கிறேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

போன கிழமை கூரை திருத்துகிற தம்பி வந்தார். கூரைக்கும் உட்தட்டுக்கும் நடுவிலுள்ள அற்றிக்குள் ஏறி, கறுத்துப்போன பலகைகளைப் பார்த்துவிட்டு, கூரை விளிம்பிலிருந்து இதை இழுத்தெடுத்தார். "அன்ரி, காத்து வாற ஓட்டையளை ஆர் அடைச்சது? வீட்டுச் சூட்டோடை மேல போற ஈரம் குளிர்ப் பலகையில பட்டுத் தண்ணியாகுது. அற்றிக் குளிராத்தான் இருக்கோணும்."

அஜக்ஸ் நகரிலிருந்து வந்திருந்த மகன் என்னைப் பார்த்தான். "அப்பாதான்" என்று சொல்லிவிட்டேன். "அப்பாக்கு எல்லாத்தையும் தானே செய்யோணும்" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடைத்தது நான். உங்களுக்கு இருமல் கூடிய அந்தத் தை மாதம், நீங்கள் வேலைக்குப் போன பிறகு ஏணி வைத்து ஏறினேன். விளிம்பால் சில்லென்று காற்று வந்தது. இதுதான் உங்கள் நெஞ்சைப் பிடிக்கிறது என்று நினைத்து, போர்வை, பழைய சேலை எல்லாவற்றையும் ஒவ்வொரு ஓட்டையிலும் திணித்தேன். பிறகு இறங்கிவந்து புட்டு அவித்தேன். அந்த ஆவி எங்கே போகும் என்று யார் யோசித்தது?

அதன்பின் ஒவ்வொரு குளிருக்கும் துணியோடு மேலே போய்ப் பலகை துடைத்தீர்கள். குளியலறை விசிறியின் குழாயைக் கூரைக்கு வெளியே நீட்டினீர்கள். அற்றிக் மூடியைச் சுற்றி ரப்பர் ஒட்டினீர்கள். விளிம்புவரை தவழ்ந்துபோக மட்டும் உங்கள் முழங்கால் விடவில்லை.

"இஞ்சை பாரும், திரும்பவும் வேர்த்திருக்கு. விளிம்பாலை காத்து வந்தால் காய வேணுமே. என்ர வேலைதான் சரியில்லை போல" என்றீர்கள்.

நான் அடைத்ததால்தான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "எனக்கென்ன தெரியும்" என்றேன். முதலில் வெட்கம், பிறகு பயம். அந்தப் பூஞ்சணம்தான் உங்கள் இருமலைக் கூட்டியதோ என்று கேட்க இன்று நீங்கள் உயிரோடு இல்லை.

காலையில் மகனுக்குப் போன் எடுத்தேன். "அடைச்சது நான். அப்பா இல்லை." அவன் கேட்டான்: "அப்பாட்ட சொன்னனீங்களோ, அம்மா?"

இல்லை. இப்போதுதான் சொல்கிறேன். உங்கள் வேலை சரியாகத்தான் இருந்தது.