சூட்டில் இளகும் போல்ட்டுகள்

ஜூன் 3, செவ்வாய்

காரை இன்று அவனிடம் ஒப்படைத்தேன். ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வரவில்லை. பட்டறைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

மகள் கட்டிக்கொள்ள நினைக்கும் பையன். சைலன்சர் பட்டறை வைத்திருப்பதால் அவனுக்கு நான் வைத்த பெயர் சைலன்சர். பேச வைத்து ஒரு ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது, வேலை வாங்கித்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பது என் கட்சி. "என் வண்டிக்கு ஹெட்டர் மாட்டித் தரட்டும். வண்டி நல்லா ஓடுச்சுன்னா மேற்கொண்டு பேசலாம்" என்று மகளிடம் சொன்னேன். "ஓடலன்னா?" என்றாள். "அதுக்கு வண்டியே பதில் சொல்லும்" என்றேன்.

இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் கம்பெனிக்காரன் ஒரு கனத்த இரும்பை வைத்திருக்கிறான். அதைக் கழற்றிவிட்டு, நான்கு நீளக் குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேரும் ஹெட்டரை மாட்டினால் இஞ்சின் தாராளமாக மூச்சு விடும். தொழிற்சாலைக்குப் போகும் மேட்டில், மூன்றாவது வளைவில் என் வண்டி பெருமூச்சு விடுகிறது. அது எனக்கு அவமானம்.

மாட்டி முடித்ததும் சைலன்சர் சொன்னான்: "அம்மா, நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை கொண்டு வந்துடுங்க. சூட்டுல போல்ட்டெல்லாம் இளகும். மறுபடி இறுக்கணும். அதுக்கப்புறம்தான் ட்யூனிங் பண்ணணும்."

அம்மாவாம். அதுக்குள்ள!

ஜூன் 4, புதன்

கழற்றிய பழைய இரும்பு எங்கே? கேட்க மறந்துவிட்டேன். மறக்க வைத்துவிட்டான். விற்றிருப்பான்.

ஜூன் 5, வியாழன்

வளைவுகளில் பின்னாலிருந்து தடதடவென்று சத்தம். அவன் வேலையின் லட்சணம் என்று டிக்கியைத் திறந்தேன். பழைய இரும்பு, சாக்கில் சுற்றிக் கட்டியிருக்கிறது. கழற்றிய போல்ட்டுகள்கூடத் தனியாக ஒரு பையில்.

சரி, விற்கவில்லை. ஆனால் சொல்லாமல் ஏன் வைத்தான்? சொல்லாமல் நல்லது செய்கிறவனை எப்படி நம்புவது?

ஜூன் 7, சனி

நூறு கிலோமீட்டர் தாண்டியது. மகளிடமிருந்து தூது: "உங்களுக்கு நேரமில்லன்னா அவரே வீட்டுக்கு வந்து இறுக்கித் தரேன்னாரு."

அப்படிப் போடு! ஸ்பானரைக் காட்டி வீட்டுக்குள் நுழைகிற திட்டம். இன்றைக்கு போல்ட், நாளைக்குக் காபி, அதற்கடுத்த நாள் "அம்மா உடம்பு எப்படியிருக்கு". நானும் ஒரு தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன். கண்ணாடி பாட்டில்களில் கீறல், குமிழி கண்டுபிடிப்பது என் வேலை. அங்கே எனக்கு எக்ஸ்ரே என்று பெயர். இறுக்கியதைத் திரும்ப இறுக்குவது நான் கேள்விப்படாத வேலை. ஒழுங்காக முதல் தடவையே இறுக்கியிருக்க வேண்டியதுதானே?

"நேரமில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டே, "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்றார். இவருக்கென்ன? கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாகியும் நான் இன்னும் தரச்சான்று தரவில்லையாம். அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஜூன் 9, திங்கள்

காலையில் கிளப்பியதும் டிக் டிக் டிக். தெருமுனை தாண்டியதும் நின்றுவிட்டது. கேட்டேனா, கேட்டதாக நினைத்தேனா?

ஜூன் 10, செவ்வாய்

கேட்டேன். இன்றைக்கும் அதே டிக் டிக். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருவதற்குள் இஞ்சின் சூடாகி, சத்தம் காணாமல் போயிற்று. "எங்க சத்தம்?" என்று பானட்டைத் தட்டிப் பார்த்தார், கதவைத் தட்டுவதுபோல.

சாட்சி வந்தால் நிற்கிற சத்தம். அது கோளாறா, செய்வினையா?

ஜூன் 12, வியாழன்

சைலன்சரிடம் போகவில்லை. ஊருக்கு வெளியே லேப்டாப் வைத்து, இஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைத்து ட்யூன் செய்கிற ஒருவர் இருக்கிறார், அவரிடம் போனேன். வெளிச்சமான கொட்டகை, தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நம்பலாம் போலிருந்தது. பானட்டைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஹெட்டர் போல்ட்டெல்லாம் மறுபடி இறுக்கியாச்சா மேடம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் சொன்ன அதே வார்த்தை. இரண்டு பேரும் கூட்டாளிகளோ?

"ஆச்சு" என்றேன்.

பக்கத்து இருக்கையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னை ஓட்டச் சொல்லிக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். புகைக் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று அது சொல்லும். "குறைவுன்னு சொல்லுது மேடம். கூட்டி விட்டிருக்கேன்." மாட்டிக்கொண்டான் சைலன்சர்! என் வண்டியைப் பட்டினி போட்டிருக்கிறான்.

ஜூன் 14, சனி

வண்டியெல்லாம் பெட்ரோல் வாடை. பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்குகிறது. மேட்டில் முன்பு பெருமூச்சுதான் விட்டது, இப்போது இருமுகிறது. இஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். கரி அப்பிக் கிடக்கிறது. பெட்ரோல் மிஞ்சினால்தான் இப்படி ஆகும்.

ஜூன் 16, திங்கள்

மறுபடி லேப்டாப்காரர். சென்சார் இன்னமும் "பெட்ரோல் குறைவு" என்றே சொல்கிறதாம். பிளக்கைக் காட்டினேன். அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாட்டினவர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க மேடம்" என்றார். காசு வாங்கவில்லை.

காசு வாங்காத மெக்கானிக்கை எப்படி நம்புவது!

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். எழுத்து கோணுகிறது.

வேலை முடிந்து மகள் வந்ததும், "வண்டி பதில் சொல்லிடுச்சு. இது சரிப்பட்டு வராது" என்றேன். பல் மருத்துவமனையில் நாளெல்லாம் நோயாளிகளைச் சமாளித்துவிட்டு வந்தவள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இறுக்கணும்னு அவர் சொன்னாரே, இறுக்கினீங்களா?"

"அவன் ஒழுங்கா மாட்டியிருந்தா எதுக்கு இறுக்கணும்?"

"வண்டியக் கேட்டீங்க. யாரோ லேப்டாப் வச்சிருக்கறவரைக் கேட்டீங்க. என்னை ஒரு தடவையாவது கேட்டீங்களாம்மா?"

ரெண்டு சட்டை, சீப்பு, சார்ஜர், எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. கூட வேலை பார்க்கிற பொண்ணு அறைக்குப் போறாளாம். போகட்டும். எத்தன நாளைக்குப் போயிடுவா? நான் என்ன எனக்காகவா பார்த்தேன்? நாளைக்கு அழுதுகிட்டு வந்து நிக்கறப்ப யாரு— போகட்டும்.

ஜூன் 18, புதன்

கண்ணாடிக்குக் கீழே கோப்பையில் இரண்டு பல் பிரஷ்தான் நிற்கின்றன.

ஜூன் 20, வெள்ளி

தொழிற்சாலையில் இன்று ஒரு கூத்து. என் வரிசையில் புதிதாகச் சேர்ந்த பெண் காலையிலிருந்து ஒரு பாட்டில் விடாமல் ஒதுக்கியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கிறது. "எல்லாத்துலயும் கழுத்துகிட்ட கீறல்க்கா. உலைக்காரங்க என்னதான் பண்றாங்க?" என்று கோபம் வேறு.

நான் பாட்டிலைத் தொடவே இல்லை. பாட்டிலுக்குப் பின்னால் எரியும் விளக்கின் கண்ணாடியைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் அதில் இருந்தது. "எல்லாமே தப்பாத் தெரிஞ்சா, மொதல்ல விளக்கப் பாரு" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். எக்ஸ்ரேன்னா எக்ஸ்ரேதான் என்றாள் ஒருத்தி. பெருமையாகத்தான் இருந்தது.

வீடு திரும்பும்போது, அதே மூன்றாவது வளைவில், விளக்கைப் பார் என்று நான் சொன்னது என் காதிலேயே திரும்பக் கேட்டது. இந்த மூன்று வாரத்தில் நான் யாரைத்தான் சந்தேகப்படவில்லை? அவனை, லேப்டாப்காரரை, வீட்டுக்காரரை, பெற்ற மகளை. அந்த சென்சாரை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

வண்டி ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்தது. செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். குழாயின் மறுமுனையை ஹெட்டர் இஞ்சினோடு சேரும் விளிம்பில் நகர்த்திக்கொண்டே போனேன். முதல் குழாய், இரண்டாவது, சத்தமில்லை. மூன்றாவதில், காதுக்குள்ளேயே டிக் டிக் டிக்.

அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். விளிம்போரம் கரிக்கோடு. பக்கத்து போல்ட்டில் விரலை வைத்தேன். ஸ்பானர் இல்லாமல், என் விரலுக்கே திரும்பியது.

இவ்வளவுதான். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து மோந்துவிட்டு, பெட்ரோல் பத்தவில்லை என்று புலம்புகிறது. அதன் பேச்சைக் கேட்டு ஊற்று ஊற்று என்று ஊற்றியிருக்கிறோம். சூடானதும் இரும்பு விரிந்து, சத்தம் வராத அளவுக்கு இடுக்கு சுருங்குகிறது, முழுதாக மூடுவதில்லை. அதனால்தான் சாட்சி வந்ததும் சத்தம் நிற்கிறது.

போல்ட் இளகும் என்று அவன் சொன்னான். இறுக்கணும் என்று சொன்னான். வீட்டுக்கே வருகிறேன் என்றும் சொன்னான். இறுக்கியாச்சு என்று பொய் சொன்னது நான்.

வீட்டுக்காரர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 22, ஞாயிறு

பட்டறைக்கு நானே போனேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தான். ஹெட்டரைப் பார்த்தான், கரிக்கோட்டைப் பார்த்தான். "சூடா இருக்கும்போது இறுக்கக் கூடாது. ஆறட்டும்" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். இன்றைக்கு "அம்மா" சொல்லவில்லை. அதைக் கவனித்தேன், வலித்தது.

வண்டி ஆற ஒரு மணி நேரமாவது ஆகும். யாரை வேண்டுமானாலும் எதிரே உட்கார்ந்து சோதித்துவிடுவேன், இவன் எதிரே உட்கார முடியவில்லை. "இறுக்கியாச்சுன்னு அந்த லேப்டாப்காரர்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும். அவரும் நானும் ஒண்ணா வேலை கத்துக்கிட்டவங்க. ரெண்டாவது தடவை நீங்க போய்ட்டு வந்த அன்னிக்கே போன் பண்ணினாரு."

பார்த்தாயா! கூட்டாளிகள்தான்! ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

மாட்டேன்.

"கோவம் வந்துச்சு. தெருவுல உங்க வண்டி மாதிரி ஒரு வண்டி போனாலே வந்துச்சு" என்றான், கையில் ஸ்பானரைத் திருப்பிக்கொண்டே. "ஆனா உங்க பொண்ணுகிட்ட சொல்லல. உங்க அம்மா பொய் சொன்னாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவள் என்னிடம் சண்டை போட்ட அன்றைக்கு, அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் வாய் அடைபட்டிருக்கும். சொல்லாமல் நல்லது செய்கிறவனை எப்படி நம்புவது என்று இதே நோட்டில்தான் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

மருத்துவமனைக்குப் போய், பல்வலிக்காரர்கள் நடுவே உட்கார்ந்து, என் முறை வந்ததும் மகளிடம் சொன்னேன். "இறுக்காதது நான்தான். பொய் சொன்னதும் நான்தான். மன்னிச்சுடு."

பேனாவை மூடினாள், திறந்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா, சோதித்துப் பார்க்காமல் விடுவாளா?

ஜூன் 25, புதன்

சைலன்சர் ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் இறுக்கிக் கொடுத்துவிட்டான். லேப்டாப்காரர் முன்பு கூட்டியதையெல்லாம் குறைத்து, புதிதாக ட்யூன் செய்தார். இந்தத் தடவை காசு வாங்கினார். மூன்றாவது வளைவில் காலை அழுத்தினேன். பெருமூச்சு இல்லை, இருமல் இல்லை. இஞ்சின் பாடிக்கொண்டே ஏறியது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

ஜூன் 28, சனி

கோப்பையில் மூன்று பிரஷ்.

காலையில் சைலன்சர் வீட்டுக்கு வந்தான், மகள் வரச் சொல்லி. ஆறிய இஞ்சினைக் கிளப்பி, அவனும் நானும் வீட்டுக்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். வீட்டுக்காரர் இந்தத் தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னாடியே வந்து நின்றார். டிக் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பானர் வைத்துப் பார்த்தான். நான் டார்ச் பிடித்தேன்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. இனிமே இறுக்கத் தேவையில்ல."

"அதெப்படி? சூட்டுல இளகும்னு நீதானே சொன்ன. எதுக்கும் அடுத்த சனிக்கிழமை ஒரு தடவை வந்து பார்த்துடு" என்றேன்.

உள்ளேயிருந்து மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் தலையைக் குனிந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான், வெகு நேரமாக.

அடுத்த சனிக்கிழமை அவன் வருவதற்கு முன்னால் வண்டியை மேடு வரை ஓட்டி, நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.