நாய் துரத்திய வேகம்

என் ஓட்டக்காரிக்கு,

பாரிவாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். "பொண்ணு இன்னும் கிரவுண்டுல ஓடிகினுதான் கீறாளா?" என்று கேட்டார்கள். "கோச் படிப்பு முடிச்சு, டாக்டர் பட்டமும் வாங்கற வரைக்கும் ஓடும்" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அன்றிலிருந்து உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

ஷிஃப்ட் தொழிலாளிக்கு ஏற்ற உடற்பயிற்சி எது என்ற உன் ஆராய்ச்சி, எட்டாவதோடு நின்ற எனக்கே புரிகிறது. எங்கள் அம்பத்தூர் கம்பெனியில் உன் சோதனைக்கு ஓட ஆள் சேர்த்துவிட்டேன். முதலில் நானே ஓடிப் பார்த்தேன். நாய் துரத்தியதால் கூடிய வேகத்தைக் கணக்கில் சேர்க்காதே.

கல்யாணத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டு வரட்டுமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாய் திறந்துவிட்டாள்: "இன்னாய்யா யோசிச்சிகினு கீறே? அங்கயே படிக்கச் சொல்லி எழுது!"

இப்படிக்கு,
உன் ஆராய்ச்சியின் முதல் தொந்தி