ஏழு தகப்பன்மாரும் ஒரு தலைகீழ் இலையும்

மார்ச் 3

பனி இன்னும் கரையவில்லை. இன்று இரண்டு வம்ச மரம் விற்றது. வீட்டுக்கு வீடு வரவேற்பறையில் ஏழு தகப்பன்மாரின், அதாவது ஏழு தலைமுறை முன்னோரின், பெயர்ப் பலகை தொங்க வேண்டும் என்று எங்கள் தராஸ் ஊருக்கே ஒரு மோகம். நான் ஏன் தடுக்கப்போகிறேன்? இருபது வருஷம் சந்தையில் சீனக் கம்பளி விற்றவன், ஐம்பது வயதில் கணினி கற்று, அதே கடையில் மரம் அச்சிடுகிறேன். தெரிந்தது ஐந்தே கட்டளை: தேர்ந்தெடு, காபி, பேஸ்ட், கண்ணாடிபோல் திருப்பு, அண்டூ. வலப்பக்கக் கிளையை மட்டும் வரைவேன். இலைகளை ஒரே குழுவாகக் கட்டி, காபி எடுத்து, இடப்பக்கம் திருப்பி ஒட்டினால் முழு மரம். "எவ்வளவு உழைப்பு!" என்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

மார்ச் 8

பெண்கள் தினம். மனைவி குல்யாஷுக்கு டியூலிப் வாங்கிப் போனேன். மகன் யெர்னார் அதைவிடப் பெரிய பரிசாகக் கொடுத்தான்: "அப்பா, பொண்ணு பாத்துட்டேன். மாவு மில் தோலெகெனோட மக, ஜிபெக்."

குல்யாஷ் அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். தோலெகென் என் பழைய வாடிக்கையாளர். அவர் மரத்தை நான்தான் —

அந்த மரம்!

மார்ச் 9

இங்கே மட்டுமாவது உண்மையை எழுதிவிடுகிறேன். என் தாத்தா பஞ்ச காலத்தில் அனாதை விடுதியில் வளர்ந்தவர். அவருக்கு மேலே யார் என்று அவருக்கே தெரியாது. நான், அப்பா, தாத்தா — மூன்றோடு நின்றுபோன வம்சம். ஏழு கட்டத்தில் மூன்று பெயர் போட்டால் மொட்டை மரம்போல் இருந்தது. அப்போது திரையில் தோலெகெனின் மரம் திறந்திருந்தது. மேல் நாலு பேரைத் தேர்ந்தெடுத்தேன். காபி. பேஸ்ட். ஒரு நிமிஷ வேலை. நாலாவது தகப்பன் பைகபில், குதிரைப்படைத் தளபதி! சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

எங்களில் ஏழு தலைமுறைக்குள் ரத்தம் ஒன்றானால் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. என் சுவர்ப் பலகையின்படி யெர்னாரும் ஜிபெக்கும் அண்ணன் தங்கை.

பலகையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மார்ச் 14

பெண் வீட்டார் வந்தார்கள். தோலெகெனும் அவருடைய அண்ணன் செய்த்காலியும். "விருந்தாளி வர்ற நேரத்துல போய் இதை மறைச்சு வெச்சிருக்கீங்களே!" என்று குல்யாஷ் பலகையைத் துடைத்து நடுச்சுவரில் மாட்டியிருந்தாள். நான் பார்த்தபோது செய்த்காலி மூக்குக்கண்ணாடியோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பைகபிலா? டேய் தோலெகென், இங்க வா! நம்ம ஆளுடா இவன்!"

என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "தம்பி, இத்தனை நாள் எங்கடா இருந்தே?" வழக்கப்படி, மூத்த விருந்தாளி என்று ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தோம். காதை அறுத்து, இளையவன் என்று யெர்னாரிடம் நீட்டினார். "சாப்பிடு. இனி ஜிபெக் உனக்குத் தங்கச்சி."

யெர்னார் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். புது அண்ணன் கிடைத்த மரியாதையில் இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 15

அண்டூவை எத்தனை முறை அழுத்துவது? திரையில் நாலு பேரும் மறைந்தார்கள்; சேமிக்காமலே மூடிவிட்டேன். யெர்னாரின் அறைக்கதவு திறக்கவில்லை.

மார்ச் 16

குல்யாஷிடம் சொல்லிவிட்டேன். "மூதாதையைத் திருடினவனை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு, "நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?"

மார்ச் 18

மடிக்கணினியோடு மில்லுக்குப் போனேன். சொன்னேன். தோலெகென் கணக்கு நோட்டை மூடினார். செய்த்காலி சிரித்தார்.

"கல்யாணம் நடக்கணும்னு பொய் சொல்றே. அச்சுல இருக்கறது தப்பாகுமா?"

அந்த அச்சே நான் போட்டதுதான்! இரண்டு மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். தோலெகெனின் மரத்தில் பைகபில் பெயருக்குப் பக்கத்து இலை தலைகீழாக நின்றது. அவசரத்தில் திருப்பியது, அன்று நான் கவனிக்கவில்லை. என் மரத்திலும் அதே பெயர், அதே இலை, அதே தலைகீழ்.

செய்த்காலி மூக்குக்கண்ணாடியைத் திரையருகே கொண்டுபோனார். "ஏம்ப்பா, உன் முன்னோருங்க இலையோடவா வந்து சேந்தாங்க?"

"ஒரே குழுவாக் கட்டியிருந்தேன் அண்ணே. கூடவே வந்துருச்சு."

"அப்ப உன்னோட நாலாவது தகப்பன் யாரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? நிஜமாவே நம்ம ஆளா இருந்துட்டா?"

இதை நான் யோசிக்கவேயில்லை. பொய்யை நிரூபித்தும் பயனில்லையா?

தோலெகென் அப்போதுதான் பேசினார். "அண்ணே, அன்னிக்குத் தம்பின்னு கட்டிப்பிடிச்சு இவன் வீட்டு ஆட்டைத் தின்னீங்க. இன்னிக்கு யாருன்னு தெரியலங்கறீங்க. என் மக நாலு நாளா சாப்பிடல."

செய்த்காலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரி. தெரியாததைக் காலியா விட்டு மாட்டு. வீட்டுல இல்ல, கடையில. சந்தையே பாக்கணும். மாட்டிட்டு வந்து பொண்ணு கேளு."

மார்ச் 20

மாட்டினேன். மூன்று பெயர், நாலு காலிக் கட்டம்; இலைகளை மட்டும் அப்படியே விட்டேன். பக்கத்துக் கடை செருப்புக்காரன் கேட்டான்: "என்ன தளபதி பேரனாரே, குதிரைப்படை கலைஞ்சிருச்சா?"

மார்ச் 23

பெண் கேட்டோம். சரி என்றார்கள்.

செப்டம்பர் 6

மருமகள் ஜிபெக் கடைக்குத் தேநீர் கொண்டுவந்தாள். பால் அளவு அவளுக்குத்தான் சரியாக வருகிறது. இதைக் குல்யாஷிடம் சொல்லக் கூடாது.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். என் பலகையைக் காட்டி, "இதே மாதிரி வேணும். மேல நாலு கட்டம் காலி" என்றார்.

"உங்களுக்கு ஏழும் தெரியாதா ஐயா?"

"ஒன்பது தெரியும். ஆனா காலியா விட்டாத்தான் பாக்கறவனுக்கு நம்பிக்கை வருது."

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். என் நாலு காலிக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்தேன். காபி. பேஸ்ட். கூடவே அந்தத் தலைகீழ் இலையும் வந்தது. நிமிர்த்தப் போனவன் விட்டுவிட்டேன். நாளைக்கு இவர் வீட்டில் யாராவது சம்பந்தம் பேச வந்தால், இது காபி என்பதற்கு ஒரு சாட்சி வேண்டாமா?