இரண்டும் இடது கை

மார்ச் 4
பல் தேய்த்துத் துப்பினால் இன்றும் சிவப்பு. கொப்பளித்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி கடையைத் திறந்தேன்.

மத்தியானம் மானம் போயிற்று. டீச்சரம்மாவின் கோட்டுக்கு வெட்டிய கைகள் ரெண்டும் இடது கை. துணியை மடித்துப் போட்டு வெட்டினால்தான் இடதும் வலதும் ஜோடியாக வரும். மடித்துப் போடுவது என் வேலை, வெட்டுவது இவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அப்போ தப்பு யாருடையது? இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 6
காலருக்கு மாதிரி வெட்ட எடுத்த பழைய பேப்பரில் படித்தேன். ஈறு நோய்க் கிருமி ரத்தம் வழியாக மூளைக்குப் போகலாமாம். மறதிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாமாம். லாமாம், லாமாம்! அம்மாவுக்கும் ஈறு கெட்டுத்தான் பல்லெல்லாம் கொட்டியது. கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, உட்காருங்க" என்றாள்.

மார்ச் 9
பல் டாக்டர் சின்னப் பெண். சுரண்டிச் சுத்தம் செய்தாள். பேப்பரில் படித்ததைக் கேட்டே விட்டேன்.

"ரெண்டும் ஒருத்தருக்கே இருக்கிறதைப் பார்த்திருக்காங்கம்மா. இதனாலதான் அதுன்னு இன்னும் யாரும் உறுதியாச் சொல்லல. ஈறைக் கவனிங்க, அது எப்படியும் நல்லதுதானே."

உறுதியாச் சொல்லலயாம். அதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

மார்ச் 15
எனக்கு நானே பரீட்சை. மிஷினில் உட்கார்ந்தபடி வாடிக்கைக்காரர்களின் அளவுகளை ஒப்பிக்கிறேன். இவர் வெட்டுகிற மேஜையிலிருந்து சரிபார்க்கிறார். இவருக்கு எல்லார் அளவும் தலைகீழ்ப் பாடம். "சரி, சரி, பாஸ்" என்கிறார். அந்த நிம்மதி ஒரு சட்டை தைத்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை.

மார்ச் 22
பாங்க்காரர் கழுத்து நாற்பத்தாறு என்று உளறிவிட்டேன். கழுத்தா அது, தண்ணீர்த் தொட்டியா! இவர் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும், நாலு நாள் சொல்லிக் காட்ட வேண்டும். "சரி" என்றார்.

மிஷினை நிறுத்தினேன். வேண்டுமென்றே என் தோள் அளவைத் தப்பாகச் சொன்னேன். இத்தனை வருஷமா எனக்குத் துணி வெட்டுற மனுஷன். கத்திரியையே பார்த்துக்கொண்டு, "சரி" என்றார்.

மார்ச் 23
கோட்டுத் துணியை மடிச்சுத்தான் போட்டேன். மடிப்புல குண்டூசி குத்தும்போது விரல்ல ஏறினது ஞாபகம் இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. அப்போ மடிப்பைப் பிரிச்சுட்டு வெட்டினது இவர். ஐயோ.

ஏப்ரல் 2
இவரிடமே கேட்டேன். "எனக்கு மறக்குதுன்னு ரொம்ப நாளாவே தெரியும். சொன்னா நீ கத்திரியைப் பிடுங்கிடுவே" என்றார்.

மூளை டாக்டர் மறதி நோயின் ஆரம்பம் மாதிரித் தெரிகிறது என்று சொல்லி, இன்னும் சோதனைகள் எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் பல் டாக்டரிடமும் இவரை இழுத்துப் போனேன் — எதையாவது பிடித்துச் சுத்தம் செய்தால் சரியாகிவிடாதா? வாயைப் பார்த்துவிட்டு, "அங்கிளுக்கு ஈறு கல்லு மாதிரி இருக்கும்மா" என்றாள் அந்தப் பெண்.

ரத்தம் என் வாயில. மறதி இவருக்கு. இதை எந்தப் பேப்பர்ல போட்டிருக்கான்?

ஏப்ரல் 10
துப்பினேன். வெள்ளை. சந்தோஷப்படத் தோன்றவில்லை.

கத்திரி இப்போது என் கையில். துணி மடிப்பது இவர், நான் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன். இன்று மேஜையைச் சுற்றி வந்து, டேப்பை என் தோளில் வைத்தார். "நேரா நில்லு. நான் சொல்றேன், நீ எழுதிக்கோ."

புது வாடிக்கைக்காரி மாதிரி நின்று எழுதினேன். தோள். கை நீளம். மார்புக்கு டேப்பைச் சுற்றியவர் நிறுத்தினார்.

"மூச்சைப் பிடிக்காதே, அளவு தப்பா வரும்."

விட்டேன்.