வாசலைப் பார்த்துப் பூசிய நிறம்

அன்பு ஹசீனா ராத்தா,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் காலையில் கொடியில் துணி போடும்போது உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துச் சொல்லிவிடுவேன். இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. இதை நீங்கள் மட்டும் படித்தால் போதாது என்று தோன்றுகிறது, அதனால் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் நல்ல சேதி. ரிஸ்னாவின் மூத்தவள் உங்களைப் போலவே எழுத்தை வலப்பக்கம் சாய்த்து எழுதுகிறாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மருமகன் கட்டாரில் சுகமாக இருக்கிறார். நீங்கள் வைத்த எலுமிச்சை இப்போதுதான் காய்க்கத் தொடங்கியது, மழை கூடிப் பாதியும் உதிர்ந்து போயிற்று. உங்கள் மகள் அதையும் பொறுக்கி ஊறுகாய் போட்டுவிட்டாள். நீங்கள் வளர்த்த பிள்ளைதானே.

இனி மற்றச் சேதி. போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு பேர் நம் வீதியில் படிவக் கட்டோடு ஏறி வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை எதுவும் இல்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கேற்றடியில் நின்றார்கள். ஒருவர் என் வாசலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். பிறகு படிவத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, கூப்பிடாமலே நடந்தார்கள்.

நேரே மேல்முனைக்குப் போனார்கள். உங்கள் வீட்டுக்கு. அரை மணித்தியாலத்தில் ரிஸ்னா போன் எடுத்தாள்.

“சாச்சி, ரெண்டு பேர் வந்தாங்க. ஊட்டுல எத்தின பேர், என்ன மதம், ஆம்பள ஆக்கள் ஈக்கிறாங்களாண்டு கேட்டாங்க. எங்க இருந்து வாறண்டு நான் கேட்டதுக்கு ஒண்டும் செல்லல்ல. ஞாயித்துக்கிழம திரும்ப வருவாங்களாம்.”

எதிர்வீட்டுச் சிங்களத்து மெனிக்கே அக்காவைக் கேட்டேன். டெங்கு பார்க்கிற ஆட்களாக இருக்கும் என்றார். கிராம சேவகரிடம் போனேன். தனக்குத் தெரியாது, வேறு ஏதும் பிரிவிலிருந்து வந்திருக்கலாம் என்றார். இருக்கலாம். அநேகமாக ஒன்றுமே இல்லாத விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறினாலும் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அடுப்பில் வைத்த பருப்பு இரண்டு தரம் அடிப்பிடித்துவிட்டது.

படிவத்தோடு வீடு வீடாகப் போகிறவர்களைக் கண்டு பயப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது, சொல்லுங்கள். அந்த வேலையை இதே வீதியில் செய்தவர்கள் நாம்தானே.

படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹசீனா ராத்தாவும் நானும் கண்டியில் ஒரே பாடசாலையில் புவியியல் படிப்பித்தோம். அவர் அக்குறணையில் பிறந்து, கலியாணம் முடித்து நான் இருக்கும் வீதிக்கு வந்தவர். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். அப்பா அரசாங்க உத்தியோகத்துக்கு மாற்றலாகி வந்து இங்கேயே வீடு கட்டினார். ராத்தாவின் தங்கைமார் கூப்பிடுவதைக் கேட்டு நானும் ராத்தா என்றேன். ஆசிரியர் அறையே சிரித்தது. பிறகு அவருடைய பிள்ளைக்கு நான் சாச்சி, அதாவது சின்னம்மா, ஆனேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் கள ஆய்வுக்கு நம் வீதியையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நீங்கள். ஒரு பெரிய பிரிஸ்டல் போட் அட்டை, அதில் வீதியின் ஒவ்வொரு வீடும் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் அந்த வீட்டுக்காரரின் மதத்துக்கு ஒரு நிறம். பௌத்தம் மஞ்சள், இஸ்லாம் பச்சை, இந்து சிவப்பு, கிறிஸ்தவம் நீலம். கதவைத் தட்டி ஆட்களைக் கரைச்சல்படுத்த வேண்டாம், வாசலைப் பார்த்தால் தெரியும்தானே என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். நிலைக்கு மேலே அரபு எழுத்து ஒட்டியிருந்தால் பச்சை. சிலுவை இருந்தால் நீலம். மாவிலை தொங்கினால் சிவப்பு. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

முடிந்தபோது அழகாகத்தான் இருந்தது. நாலு நிறமும் கலந்து, ஒரு நிறம் ஓரிடத்தில் குவியாமல். குறி விளக்கத்தை உங்கள் சாய்ந்த எழுத்தில் நீங்களே எழுதினீர்கள். புவியியல் அறைச் சுவரில் அது வருடக்கணக்காகத் தொங்கியது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அதைக் காட்டி நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்.

அதில் ஒரு பிழை இருந்தது. என் வீட்டுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

பிள்ளைகளில் குற்றமில்லை. எண்பத்து மூன்றில் நாங்கள் இரண்டு வாரம் பாடசாலை மண்டபத்தில் அகதியாகக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, அப்பா வாசல் மாவிலையைக் கழற்றினார். நிலைக்கு மேலே கண்ணாடிப் பெட்டியில் ஒரு புத்தர் படம் வைத்து, சின்னச் சிவப்பு பல்ப் பூட்டினார். சாமி அறையைப் பின்பக்கத்துக்கு மாற்றினார். அம்மா அழுதா. “வெளியில எதை மாட்டினா என்ன, சாமி உள்ளுக்கு இருந்தாக் காணும்” என்று அப்பா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அவர் போன பிறகும் நான் அந்த பல்பை மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன். இத்தனை வருடத்தில் அந்த முகத்தின் மேல் எனக்கு ஒரு பிரியமும் வந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை.

மஞ்சள் பென்சிலை என் வீட்டுக் கட்டத்தில் வைத்தது ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து படித்த ஜெரால்ட். நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றேன். பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. நிமிர்ந்தால் நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் சாமி அறைக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனை தரம் தேத்தண்ணி குடித்தவர் நீங்கள். அடுத்த வீட்டுக்கு எந்த நிறம் என்று அவனைக் கேட்டீர்கள்.

பிறகு, கண்டியைச் சுற்றிக் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த அந்த வாரம் வந்தது. ஊரடங்கு போட்ட அன்று காலை நீங்கள் பாடசாலைக்குப் போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டி நேரே என் வீட்டுக்குக் கொண்டு வந்தீர்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினீர்கள்.

“வசந்தி, இத நீ வெச்சிக்கோ. எங்கட ஊட்டுல வெக்கேலா. எந்த ஊடு யார்டண்டு நாமளே எழுதிக் குடுத்து ஈக்கிறோமே.”

பின்னேரம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் நானாவும் ரிஸ்னாவும் பின்வழியால் வந்து சேர்ந்தீர்கள். மூன்று நாள். சாமி அறையில்தான் உங்களுக்குப் பாய் போட்டேன், வெளியில் வெளிச்சம் தெரியாத அறை அது ஒன்றுதான். தொழுகிற நேரத்துக்குப் படங்களுக்கு முன்னால் திரையை மட்டும் இழுத்துவிடச் சொன்னீர்கள். நான் திருநீறு பூசப் போகும்போது திரும்ப விலக்கினேன். அந்தத் திரை அவ்வளவு வேலை செய்தது அந்த மூன்று நாளில்தான்.

இரண்டாம் நாள் கேற்றடியில் நாலைந்து பேர் வந்து, வேறு யாரும் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். நான் புத்தர் படத்துக்குக் கீழே நின்று சிங்களத்தில், நான் தனியாள் என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு மெனிக்கே அக்கா மதிலுக்கு மேலால் மூன்று இறாத்தல் பாண் ரொட்டி நீட்டினார். தனியாளுக்கு மூன்று பாண். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஜெரால்ட் செய்த அதே பிழையை அவர்களும் செய்ததால் தப்பினோம் என்று நீங்கள் வீடு திரும்பும்போது சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பச்சைக் கட்டமாக வீதி காலியானது. ஒரு குடும்பம் அக்குறணைக்கு, ஒன்று மாவனல்லைக்கு. சிவப்புக் கட்டங்கள் முன்னமே கனடாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விட்டன. நீங்கள் போகமாட்டேன் என்று நின்றீர்கள். இப்போது மிச்சம் இருப்பது ரிஸ்னா மட்டும்.

உங்கள் தம்பி கிழமைக்கு மூன்று தரம் போன் எடுக்கிறார், அக்குறணைக்கே வந்துவிடு, நம்மாட்களோடு இரு என்று. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தினமும் எடுக்கிறார். பிள்ளை அலுமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இதற்குள் வியாழக்கிழமை ஜெரால்ட் வந்தான். இப்போது பேராதனையில் விரிவுரையாளன், கண்ணாடி போட்டு முடியும் கொட்டிவிட்டது. எந்தக் கலவரத்துக்குப் பிறகு யார் எங்கே ஒதுங்கிப் போனார்கள் என்று ஆராய்கிறானாம். பழைய படம் வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்றி இன்றைய படத்தோடு ஒப்பிட வேண்டும் என்றான். நான் தயங்கியதைக் கண்டுவிட்டான்.

“டீச்சர், ஒங்க பயம் எனக்கு வெளங்குது. ஆனா அது ஒண்ணுதான் சாட்சி. அதுவும் இல்லாட்டி, இந்த ரோட்ல வேற ஆளுங்க இருந்ததே இல்லன்னு நாளைக்குச் சொல்லிருவாங்க. அப்ப நாம எதக் காட்டுறது?”

நியாயமான கேள்விதான். கொடுத்தால் அது முகவரிப் பட்டியல். எரித்தால் நாம் இங்கே ஒன்றாக இருந்ததற்கு ஒரு துண்டுத் தாளும் மிச்சமில்லை. திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, கதிரை போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து சுருளை எடுத்தேன். ஓரம் கரையான் தின்றிருந்தது. நிறம் ஒன்றும் மங்கவில்லை.

மேசையில் விரித்து வைத்திருந்த நேரம் ரிஸ்னா ஊறுகாய்ப் போத்தலோடு வந்தாள். அவள் அதை முன்பு கவனித்துப் பார்த்ததில்லை. உங்கள் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். தன் வீட்டைக் கண்டுபிடித்தாள். பிறகு விரல் கீழே இறங்கி என் வீட்டில் நின்றது.

“சாச்சி, உங்கட ஊடு ஏன் மஞ்சள்?”

சொன்னேன். அப்பா, மாவிலை, பல்ப், ஜெரால்டின் பென்சில், என் மௌனம், எல்லாம். செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு பேரும் என் வாசலைப் பார்த்துவிட்டுக் கடந்து போனபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி என்பதையும் சொன்னேன். உங்கள் மகளின் வீட்டுக்குத்தான் போகிறார்கள் என்று தெரிந்தும் வந்த நிம்மதி, ராத்தா. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். விரலைத் தன் வீட்டுப் பச்சைக் கட்டத்துக்குத் திரும்பக் கொண்டு போய், மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப, நானும் வாசல்ல ஒட்டி ஈக்கிறதக் கழட்டட்டா சாச்சி? புள்ளைகளுக்கு என்னண்டு செல்லுற?”

நீங்கள் ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது கொண்டு வந்து ஒட்டிய அரபு எழுத்து அது. அவள் கேட்டது எனக்கு அப்பாவின் குரலில் கேட்டது. அப்பா ஒரு வாசலைத்தான் மாற்றினார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். என் வாயையும் அன்றைக்கே மாற்றிவிட்டார் போலிருக்கிறது. அதை இப்போது உங்கள் பேத்திகளுக்கும் கொடுக்கப் பார்க்கிறேன்.

ரிஸ்னாவை வீட்டுக்குப் போய் உங்கள் பேத்தியின் பென்சில் பெட்டியிலிருந்து சிவப்பை எடுத்து வரச் சொல்லி, அவளுக்கு முன்னால் என் கட்டத்தில் தீட்டினேன். பழைய மஞ்சளுக்கு மேலே சிவப்புச் சரியாகப் பிடிக்கவில்லை. அழுத்த அழுத்தச் செம்மஞ்சளாகத்தான் வந்தது. நீங்கள் இருந்தால் கட்டாயம் புள்ளி குறைத்திருப்பீர்கள். பரவாயில்லை, நாற்பது வருடம் நான் இருந்த நிறமும் ஏறக்குறைய அதுதான்.

வாசல் எழுத்தைக் கழற்ற வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். போவதா இருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும், ஆனால் கழற்றிவிட்டு இருக்க வேண்டாம். படம் என் வீட்டைவிட்டு வெளியே போகாது. ஜெரால்ட் வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு மிச்சமிருக்கிற வீடுகளுக்கு ஏறி இறங்கி, போனவர்களுக்குப் போன் எடுத்து, அவரவர் வீட்டைப் பற்றி எழுதலாமா என்று கேட்கப் போகிறோம். சம்மதித்தவர்களின் கதை மட்டும் போகும், கட்டம் போகாது. முதல் தரமே நாம் செய்திருக்க வேண்டிய வேலை. அன்றைக்கு ஒரு கதவையாவது தட்டியிருந்தால் என்ன குறைந்திருப்போம்?

நாளைக்கு ஞாயிறு. யார் வருவார்கள், வருவார்களா, ஒன்றும் தெரியாது. பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மெனிக்கே அக்காவிடம் மட்டும் சொன்னேன். தானும் வந்து கூட இருப்பதாகச் சொல்லிவிட்டு, எத்தனை பேருக்குப் பாண் வாங்க வேண்டும் என்று கேட்டார். முதல் முறையாகக் கேட்டார்.

ராத்தா, உங்களுக்கு நான் தருகிற வாக்கு இதுதான். நாளைக்கு விடிந்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு உங்கள் வீட்டு முன்வாசலில், அந்த எழுத்துக்குக் கீழே, கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். படிவத்தோடு வருகிறவர்கள் ரிஸ்னாவிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால், கீழே கண்ணாடிப் பெட்டி தொங்குகிற வீடு என்னுடையது, அதை நீங்கள் பிழையாகக் குறித்திருக்கிறீர்கள், திருத்துங்கள் என்று சொல்வேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், இந்த முறை தனியாள் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
ரிஸ்னாவின் சாச்சி,
வசந்தி